காலையில் 68.2, மறுநாள் 69.6: ஒரே இரவில் கூடியது என்ன?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி ஒருவர் ஐந்து பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 34, உயரம் 158 சென்டிமீட்டர், இரண்டு குழந்தைகள், நாள் முழுக்க உட்கார்ந்து செய்யும் வேலை. ஐந்து மாதங்களுக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 6.0 வந்திருக்கிறது. ரத்த அழுத்தம் 138/88. இப்போதே எடையைக் குறைத்தால் மாத்திரை இல்லாமல் சமாளிக்கலாம் என்று மருத்துவர் சொல்ல, 74 கிலோவில் ஜிம்முக்குப் போக ஆரம்பித்தார். முதல் இரண்டு வாரத்தில் 3.5 கிலோ இறங்கியது. பிறகு மெல்ல மெல்ல 68.2 வரை வந்து, ஆறு வாரமாக அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. ஒரு நாளைக்கு 1,200 கலோரி என்று அளந்து சாப்பிடுகிறார். வாரத்தில் ஆறு நாள் ஜிம்.

எடை பார்ப்பது தினமும் நாலைந்து முறை. எழுந்ததும், கழிப்பறை போய் வந்ததும், ஜிம்முக்கு முன்னும் பின்னும், படுக்கப் போகும் முன்னும். ஒரு சனிக்கிழமை இரவு வெளியே சாப்பிட்டுவிட்டு வந்து, மறுநாள் காலையில் ஏறி நின்றால் 69.6. அன்று பகல் முழுக்கப் பட்டினி கிடந்து ஒரு மணி நேரம் ஓடியிருக்கிறார். இரவு பதினொரு மணிக்கு அடுக்களையில் நின்றபடியே கையில் கிடைத்ததையெல்லாம் சாப்பிட்டுவிட்டு அழுதிருக்கிறார். இப்படி மாதத்தில் மூன்று நான்கு முறை நடக்கிறது. அம்மாவின் இதய நோய்க்குக் கொடுத்த நீர் மாத்திரையை இரண்டு தடவை எடுத்துப் போட்டிருக்கிறார். மறுநாள் 1.2 கிலோ குறைந்து, மூன்றே நாளில் பழைய எண்ணையும் தாண்டி ஏறிவிட்டது. இரண்டு மாதமாக மாதவிடாய் வரவில்லை.

"அந்த மெஷினைத் தூக்கி வெளியே போடு" என்கிறார் கணவர். "கொழுப்பு குறையுது, தசை கூடுது, தசைக்கு எடை அதிகம்" என்கிறார் பயிற்சியாளர். உடம்பு ஆற்றலைச் செலவழிக்கும் மெட்டபாலிசமே தனக்கு நின்றுபோய்விட்டதோ என்று வாசகிக்குப் பயம். யார் சொல்வது சரி, 55 கிலோவை எட்ட இன்னும் என்ன செய்ய வேண்டும், அந்த நீர் மாத்திரையை எப்போதாவது ஒரு தடவை போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கிறார்.

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தில் பக்கத்துக்குப் பக்கம் கிலோ கணக்கு வருகிறது. நான்காம் பக்கத்தில் மட்டும் ஒரு வரி வேறு மாதிரி இருக்கிறது: "போன வாரம் டெஸ்ட் எடுத்தேன், எச்பிஏ1சி 5.6, பிரஷர் 124/80, அதெல்லாம் பரவாயில்லை, ஆனால் எடைதான்..." நான் அந்த வரியிலேயே நின்றுவிட்டேன்.

எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருந்தால் அதைச் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்கிறோம். ஐந்து மாதங்களுக்கு முன் நீங்கள் அதற்குள் இருந்தீர்கள். இன்று வெளியே வந்துவிட்டீர்கள். 74-லிருந்து 68.2 என்றால் உடல் எடையில் கிட்டத்தட்ட 8 சதவீதம் குறைந்திருக்கிறது. 2002-இல் அமெரிக்காவில் நீரிழிவுத் தடுப்பு ஆய்வு ஒன்றின் முடிவு வெளிவந்தது. உங்களைப் போலவே சர்க்கரை எல்லையில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் பங்கேற்றார்கள். உணவும் உடற்பயிற்சியும் என்ற பிரிவினருக்கு வைத்த இலக்கு, 7 சதவீத எடைக் குறைப்பும் வாரத்துக்கு 150 நிமிட உடலுழைப்பும்தான். அந்தப் பிரிவில் சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. உங்கள் மருத்துவர் எதற்காக உங்களை ஜிம்முக்கு அனுப்பினாரோ அந்த வேலை நடந்து முடிந்திருக்கிறது. அதை நீங்கள் "பரவாயில்லை" என்று ஒரு சொல்லில் தாண்டிப் போவதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எடையைப் பற்றி விரிவாகப் பேசலாம். அதற்கு முன் இரண்டு விஷயங்கள் காத்திருக்க முடியாதவை.

அம்மாவின் மாத்திரை, நின்றுபோன மாதவிடாய்

எப்போதாவது ஒரு தடவை என்றாலும் அந்த மாத்திரை வேண்டாம். இதை எவ்வளவு அழுத்திச் சொல்ல முடியுமோ அவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். நீர் மாத்திரை சிறுநீரகத்தின் வழியாக உப்பையும் தண்ணீரையும் வெளியே தள்ளுகிறது. இதய நோய்க்கு வழக்கமாகக் கொடுப்பவற்றில் கூடவே பொட்டாசியமும் மெக்னீசியமும் போய்விடும். பொட்டாசியம் குறைந்தால் முதலில் தசைப்பிடிப்பு வரும், சோர்வு வரும். மிகவும் குறைந்தால் இதயத் துடிப்பின் தாளமே தவறும். பட்டினி கிடந்து, வியர்க்க ஓடிய உடம்பில் இந்த மாத்திரையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே எனக்குக் கலக்கமாக இருக்கிறது. அம்மாவுக்கு அந்த அளவைக் குறித்துக் கொடுத்தவர் அவருடைய ரத்தப் பரிசோதனைகளைப் பார்த்துக்கொண்டே கொடுக்கிறார். உங்களுக்கு யாரும் பார்க்கவில்லை.

அதனால் கிடைத்தது என்ன? 1.2 லிட்டர் தண்ணீர் போயிற்று. கொழுப்பில் ஒரு கிராம்கூடப் போகவில்லை. தண்ணீர் திடீரென்று குறைந்ததும் உடம்பு பயந்துவிடுகிறது. ஹார்மோன்களைச் சுரந்து, உப்பையும் நீரையும் இறுக்கிப் பிடித்துக்கொள்ளச் சொல்லிச் சிறுநீரகத்துக்குக் கட்டளை இடுகிறது. மூன்று நாளில் பழைய எண்ணைத் தாண்டி ஏறியதற்கு இதுதான் காரணம். எழுந்து நிற்கும்போது தலைசுற்றல், படபடப்பு, கெண்டைச் சதை இழுப்பு இவற்றில் ஏதாவது இருந்தால் இன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். மாத்திரை போட்டதை மறைக்காமல் சொல்லுங்கள். இதைக் கேட்டு எந்த நல்ல மருத்துவரும் உங்களைத் திட்ட மாட்டார்.

அடுத்தது மாதவிடாய். "ஜிம் போகிறவர்களுக்குத் தள்ளிப்போவது சகஜம்தானே" என்று எழுதியிருக்கிறீர்கள். அடிக்கடி பார்க்கிறோம் என்பது உண்மை. அதனால் அது சரி என்று ஆகிவிடாது. வாய்ப்பே இல்லை என்று நீங்கள் நினைத்தாலும் முதலில் கர்ப்பப் பரிசோதனை. கர்ப்பம் இல்லையென்றால் தைராய்டு, புரோலாக்டின் என்ற ஹார்மோன், ஹீமோகுளோபின், இரும்புச்சத்து இருப்பு, அவற்றோடு பொட்டாசியம். இவை எல்லாம் சரியாக இருந்தால் எனக்கு முதல் சந்தேகம் உங்கள் 1,200 கலோரி மேல்தான்.

உங்கள் வயதுக்கும் உயரத்துக்கும் எடைக்கும் கணக்குப் போட்டால், நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் உடம்புக்குச் சுமார் 1,300 கலோரி தேவை. இதயம் துடிக்க, மூச்சுவிட, உடல் சூடு காக்க மட்டும் அவ்வளவு. நீங்கள் அதற்கும் குறைவாகச் சாப்பிட்டுவிட்டு ஆறு நாள் பளு தூக்குகிறீர்கள். வரவு இப்படி இருந்தால் உடம்பு செலவைச் சுருக்குகிறது. உயிர் வாழ இப்போதைக்கு அவசியமில்லாத இனப்பெருக்க வேலையைத்தான் அது முதலில் நிறுத்தும். விளையாட்டு வீராங்கனைகளிடம் காணும் இந்த ஆற்றல் பற்றாக்குறையைப் பற்றி சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் தனியாக ஓர் அறிக்கையே வெளியிட்டது. பதக்கம் வாங்குகிறவர்களுக்கு மட்டும் வருவது அல்ல இது. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறைந்தபடியே மாதங்கள் போனால் எலும்பின் அடர்த்தி குறையும். பளு தூக்கி எலும்பை வலுவாக்க நினைக்கிற ஒருவருக்கு இப்படி நடக்கக் கூடாது.

அந்த 1.4 கிலோ

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலைக்கு வருவோம். ஒரு கிலோ உடல் கொழுப்பு சேர வேண்டுமானால் தேவைக்கு மேல் சுமார் 7,700 கலோரி சாப்பிட்டிருக்க வேண்டும். 1.4 கிலோவுக்கு 10,000 கலோரிக்கு மேல். உங்கள் உடம்பு ஐந்தாறு நாளில் செலவழிப்பதை ஒரே இரவில், அதுவும் அன்றைய தேவைக்கு மேலே, சாப்பிட்டிருந்தால்தான் அந்த எண் கொழுப்பைக் காட்டுகிறது என்று சொல்லலாம். நீங்கள் எழுதியிருக்கும் சாப்பாட்டில் அது நடக்கவே வழியில்லை.

அப்படியானால் கூடியது என்ன? பெரும்பாலும் தண்ணீர். மாவுச்சத்து கிளைக்கோஜன் என்ற வடிவத்தில் தசைகளிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படுகிறது. முழுக்க நிரம்பினால் அது ஏறக்குறைய அரை கிலோ இருக்கும். ஒவ்வொரு கிராம் கிளைக்கோஜனும் தன்னோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆக, இந்தச் சேமிப்பு காலியாவதிலும் நிரம்புவதிலும் மட்டுமே 2 கிலோ வரை போய் வரலாம். வாரம் முழுக்கக் குறைவாகச் சாப்பிட்டதால் உங்கள் சேமிப்பு பாதி காலியாக இருந்தது. சனிக்கிழமை இரவு அது நிரம்பியது. வெளிச் சாப்பாட்டில் உப்பு கூடுதல்; உப்பு தண்ணீரை இழுத்து வைத்தது. சாப்பிட்ட உணவே ஒன்றிரண்டு நாள் குடலில் இருக்கும், அதற்கும் எடை உண்டு. முந்தின நாள் கடுமையாகப் பளு தூக்கியிருந்தால், உழைத்த தசையில் நுண்ணிய காயங்கள் ஆறும்வரை அங்கேயும் நீர் கோத்திருக்கும். மாதவிடாய் திரும்பியதும் அதற்கு முந்தைய சில நாட்களில் ஒரு கிலோ வரையோ அதற்கு மேலுமோ நீர் சேர்வதைப் பார்ப்பீர்கள்.

இதே கணக்கை மறுபக்கமும் போட வேண்டும். முதல் இரண்டு வாரத்தில் இறங்கிய 3.5 கிலோவிலும் பெரும்பகுதி இந்தக் கிளைக்கோஜனும் அதோடு போன தண்ணீரும்தான். பிறகு வந்த மாதங்களில் இறங்கிய 2.3 கிலோதான் மெதுவாக, நேர்மையாக இறங்கியது. ஆனால் அந்தப் பதினைந்து நாள் வேகத்தையே அளவுகோலாக வைத்துக்கொண்டதால் அதற்குப் பிந்தைய எல்லாமே உங்களுக்குத் தோல்வியாகத் தெரிகிறது.

நான் வேலை செய்யும் இதய நோய்ப் பிரிவில் தினமும் எடை பார்க்கச் சொல்லி நாங்களே அறிவுறுத்தும் நோயாளிகள் இருக்கிறார்கள். இதயம் பலவீனமானவர்கள். மூன்று நாளுக்குள் 2 கிலோ ஏறினால் உடனே வரச் சொல்வோம். ஏன் தெரியுமா? அவ்வளவு சீக்கிரம் ஏறுவது நுரையீரலிலும் காலிலும் தேங்கும் நீர் என்று தெரியும். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தைச் சுத்தப்படுத்தும் டயாலிசிஸ் பிரிவிலும் அப்படித்தான். சிகிச்சைக்கு முன் ஒரு எடை, நான்கு மணி நேரம் கழித்து ஒரு எடை. 2 கிலோ, 3 கிலோ குறைந்திருக்கும். அவர் மெலிந்துவிட்டார் என்று அங்கே யாரும் சொல்வதில்லை. தினசரி எடையை மருத்துவர்கள் நீரின் அளவாகத்தான் படிக்கிறோம். நீங்களோ அதே எண்ணைக் கொழுப்பின் அளவாகப் படித்து, அதற்குத் தண்டனையாகப் பட்டினி கிடக்கிறீர்கள்.

கொழுப்பு எப்படி வெளியேறுகிறது என்று தெரிந்தால் இது இன்னும் தெளிவாகும். 10 கிலோ கொழுப்பு கரைந்தால் அதில் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சுக்காற்றில் போகிறது, மீதி 1.6 கிலோ நீராகிறது என்று 2014-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இருவர் கணக்கிட்டுக் காட்டினார்கள். மூச்சு மூச்சாகப் போகிற விஷயம் இது. வாரத்துக்கு அரை கிலோ கொழுப்பு குறைந்தால் அது நல்ல வேகம். ஒரு நாளைக்குப் பிரித்தால் சுமார் 70 கிராம். உங்கள் மெஷின் காட்டுவதே 100 கிராம் கணக்கில். அதன் மேல் தண்ணீர் ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று ஏறி இறங்குகிறது. இதற்குள் இன்றைய 70 கிராமைத் தேட முடியாது. ஜிம்முக்கு முன்னும் பின்னும் பார்க்கும் எடையில் நீங்கள் அளப்பது வியர்வையை மட்டும்தான்.

பயிற்சியாளர் சொன்னதும் மெட்டபாலிசப் பயமும்

பயிற்சியாளர் சொல்வதில் பாதி சரி. ஒரு கிலோ தசையும் ஒரு கிலோ கொழுப்பும் ஒரே எடைதான். தசை அடர்த்தியானது, அதே எடைக்குக் குறைந்த இடத்தை எடுத்துக்கொள்ளும். ஆறு வாரமாக எடை நகரவில்லை, ஆனால் இடுப்பளவு 89-லிருந்து 86 சென்டிமீட்டர் ஆனது, பழைய உடைகள் தளர்ந்துவிட்டன என்று எழுதியிருக்கிறீர்கள். கொழுப்பு குறைந்து கொஞ்சம் தசை சேர்ந்திருக்கிறது என்பதற்கு அது நல்ல அடையாளம். ஆனால் தசை ஒரே இரவில் 1.4 கிலோ கூடாது. 1,200 கலோரியில் மாதக்கணக்கிலும் அதிகம் கூடாது. தசை கட்ட உணவு வேண்டும். பளுவைத் தோளில் தாங்கி உட்கார்ந்து எழும் ஸ்குவாட் பயிற்சியில் நீங்கள் தூக்குவது 20 கிலோவிலிருந்து 45 கிலோவுக்கு ஏறியதில் கணிசமான பங்கு உங்கள் நரம்பு மண்டலத்துக்குச் சேர வேண்டியது. இருக்கிற தசையை முழுமையாக வேலை வாங்கக் கற்றுக்கொண்டிருக்கிறது அது. ஆறுதலுக்காகச் சொன்னவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் உங்களுக்கு மாதவிடாய் நின்றிருப்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். சொல்லக் கூச்சமாக இருந்தால், மருத்துவர் ஆறு வாரத்துக்குப் பயிற்சியைக் குறைக்கச் சொன்னார் என்று மட்டும் சொல்லுங்கள்.

மெட்டபாலிசம் நிற்காது. நின்றால் உயிர் இருக்காது. குறையும். 68 கிலோ உடம்பைச் சுமக்க 74 கிலோவைச் சுமப்பதைவிடக் குறைந்த ஆற்றல் போதும், அது இயல்பு. மிகவும் இறுக்கிப் பிடித்தால் அதற்கும் கீழே கொஞ்சம் குறையும். எடைக் குறைப்புத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் மிக வேகமாக எடை இழந்த 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துப் பரிசோதித்து 2016-இல் வெளியிட்டார்கள். ஓய்வில் அவர்கள் உடம்பு செலவழித்தது எதிர்பார்த்ததைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாக இருந்தது. உங்கள் நிலை அது இல்லை. ஆனால் இன்னும் இறுக்கினால் இன்னும் வேகமாகக் குறையும் என்று நீங்கள் போட்டிருக்கும் கணக்கை உடம்பு ஒப்புக்கொள்வதில்லை என்பதற்கு அதைச் சொல்கிறேன்.

இரவு பதினொரு மணி

"எனக்கு மனக்கட்டுப்பாடு இல்லை" என்று கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இதை நான் ஏற்கவில்லை. 1944-45இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 ஆண்கள் தாங்களாக முன்வந்து ஓர் ஆய்வில் சேர்ந்தார்கள். உடலும் மனமும் நன்றாக இருக்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட இளைஞர்கள். ஆறு மாதம் அவர்களுக்குப் பாதி உணவுதான். நாளாக ஆக எப்போதும் சாப்பாட்டு நினைவாகவே இருந்தார்கள். சமையல் புத்தகங்களைச் சேகரித்து வைத்துப் படித்தார்கள். கட்டுப்பாடு நீங்கியபின் வயிறு நிறைந்தும் நிறுத்த முடியாமல் சாப்பிட்டவர்கள் உண்டு. எடை பற்றிய கவலை எதுவுமே இல்லாத மனிதர்களுக்கு இது நடந்தது. பகல் முழுக்கப் பட்டினி கிடந்து ஓடிய உடம்பு இரவில் உங்களை அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போனால், அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்கிறது.

ஆகவே அந்த இரவை நிறுத்தும் வழி அன்றைய பகலில் இருக்கிறது. முந்தின நாள் என்ன சாப்பிட்டிருந்தாலும் காலை உணவைத் தவிர்க்காதீர்கள். மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிடுங்கள். பரிசோதனை முடிவுகள் வரும்வரை நாளொன்றுக்கு 1,700-1,800 கலோரி, அதில் புரதம் 80 முதல் 100 கிராம். ஜிம் மூன்று அல்லது நான்கு நாள். உங்களை நேரில் பார்க்கும் உணவியல் நிபுணர் இதைத் திருத்தலாம். ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: இப்படிச் சாப்பிட ஆரம்பித்ததும் முதல் பத்துப் பதினைந்து நாளில் எடை ஒன்றிரண்டு கிலோ ஏறலாம். மேலே சொன்ன கிளைக்கோஜன் நிரம்புவதுதான் அது. அந்த நாட்களில் நீங்கள் மெஷினில் ஏறினால் பயந்து பழையபடி 1,200-க்கே போய்விடுவீர்கள் என்பதுதான் என் கவலை.

மாதத்தில் மூன்று நான்கு முறை அளவுமீறிச் சாப்பிடுவது, அதை ஈடுகட்டப் பட்டினியும் ஓட்டமும் மாத்திரையும் என்பது உணவுப் பழக்கக் கோளாறின் வாசலில் நிற்பதற்குச் சமம். ஒரு கடிதத்தை வைத்து நான் நோய்ப் பெயர் சூட்ட மாட்டேன். ஒரு மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ இந்த மாதத்துக்குள் பாருங்கள். ஆரம்பத்திலேயே பேசினால் சீக்கிரம் சரியாகும். சாப்பிட்டதை வாந்தி எடுக்கத் தோன்றினாலோ, பேதி மாத்திரை பக்கம் மனம் போனாலோ ஒரு நாள்கூடத் தள்ளாதீர்கள்.

மெஷினை என்ன செய்வது?

கணவரின் கோபம் அக்கறையிலிருந்து வருகிறது. ஆனாலும் தூக்கிப்போட வேண்டியதில்லை. ஜிம்மில் இன்னொன்று இருக்கிறது. அங்கே போய் ஏறுவீர்கள். எடை பார்ப்பதே தவறு என்றும் நான் சொல்ல மாட்டேன். குறைத்த எடையைப் பல ஆண்டுகள் காப்பாற்றியவர்களை 1994 முதல் பதிவு செய்துவரும் அமெரிக்கப் பட்டியல் ஒன்றில், வாரத்துக்கு ஒரு முறையாவது எடை பார்ப்பவர்கள்தான் பெரும்பாலோர். தினமும் பார்த்துக் குறித்துவைத்து, ஏழு நாள் சராசரியை மட்டும் கவனிப்பவர்களும் உண்டு. அது நல்ல முறை. எடை முக்கியமே இல்லை என்று பேசுவதும் எனக்கு உடன்பாடில்லை. முழங்காலுக்கும் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் எடையோடு தொடர்பு உண்டு. முயற்சி எதுவும் இல்லாமல் எடை தானாகக் குறைந்துகொண்டே போனால் அது எங்களுக்கு எச்சரிக்கை மணி.

ஒருவர் எடை பார்க்கலாமா கூடாதா என்று முடிவுசெய்ய நான் கேட்பது ஒரே கேள்வி: எண்ணைப் பார்த்தபின் அன்றைய சாப்பாடு மாறுகிறதா? உங்களுக்கு மாறுகிறது. அதனால் இப்போது ஆறு வாரமாவது வேண்டாம். அதற்குள் மாதவிடாய் திரும்பாவிட்டால் அது திரும்பும்வரை வேண்டாம். கணவரிடமே மெஷினைக் கொடுத்து, நீங்கள் கேட்டாலும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவையுங்கள். மருத்துவமனையில் எடை எடுக்கும்போது மெஷினுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, "எண்ணை என்னிடம் சொல்ல வேண்டாம்" என்று சொல்லலாம். அது உங்கள் உரிமை. குறித்துக்கொள்வார்கள், சொல்ல மாட்டார்கள்.

பிறகு திரும்பப் பார்க்கத் தொடங்கும்போது வாரத்துக்கு ஒரு முறை, ஒரே கிழமை, எழுந்து கழிப்பறை போய் வந்தபின், எதுவும் சாப்பிடும் முன். மாதவிடாய் சுழற்சியின் எந்த நாள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். இந்த வாரத்தைப் போன வாரத்தோடு ஒப்பிடாமல், போன மாதத்தில் சுழற்சியின் அதே நாட்களில் எடுத்த எடையோடு ஒப்பிடுங்கள். தண்ணீரின் ஆட்டம் பெருமளவு அடங்கிவிடும். உங்கள் மெஷின் காட்டும் கொழுப்புச் சதவீதத்தை நம்ப வேண்டாம். ஒரு காலில் லேசான மின்சாரத்தைச் செலுத்தி இன்னொரு காலில் வாங்கி, அதை வைத்து ஊகிக்கிறது. நீங்கள் குடித்த தண்ணீரைப் பொறுத்தே அந்த எண் மாறும். ஒரே நாளில் 31-லிருந்து 33 ஆனது அப்படித்தான்.

இந்த ஆறு வாரம் எதைப் பார்ப்பது? இடுப்பளவை மாதம் ஒரு முறை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், இயல்பாக மூச்சை விட்டபின். உயரத்தில் பாதிக்குள் இருப்பது நல்லது, உங்களுக்கு 79. 86-க்கு வந்துவிட்டீர்கள், மீதிக்கு அவசரமில்லை. காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பைப் பாருங்கள்: தொடக்கத்தில் 84 இருந்தது இப்போது 70 என்கிறீர்கள், ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் கூடுதல் ரத்தத்தைத் தள்ளக் கற்றுக்கொண்டதால் வந்திருக்கலாம் அது. எத்தனை கிலோ தூக்கினீர்கள், மூன்று மாடி ஏறியதும் எத்தனை நிமிடத்தில் மூச்சு சீராயிற்று, இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஆனால் தினமும் ஐந்து முறை மெஷினில் ஏறிய மனம் தினமும் ஐந்து முறை இஞ்ச் டேப்பை எடுக்கவும் செய்யும். அப்படி ஆனால் அதையும் கணவரிடம் கொடுத்துவிடுங்கள்.

55 கிலோ என்பது உங்களுக்கு 20 வயதில் இருந்த எடை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் உயரத்துக்கு அது தவறான எடை இல்லை. ஆனால் எந்த மருத்துவரும் உங்களிடம் அதைக் கேட்கவில்லை. மாதவிடாய் திரும்பி, நான்கைந்து மாதம் ஒழுங்காக வந்தபின், இன்னும் குறைப்பது தேவையா என்று உங்கள் மருத்துவரோடு உட்கார்ந்து பேசுங்கள். அதுவரை அந்த எண்ணை ஒதுக்கி வையுங்கள்.

கடைசிப் பக்கத்தில், எட்டு வயது மகள் உங்களைப் பார்த்து மெஷினில் ஏறி நின்று, "நானும் இன்னிக்குச் சாப்பிட வேண்டாமாம்மா?" என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவில்லை. இன்று அவளைக் கூப்பிட்டு, அம்மா ஒரு தப்புக் கணக்குப் போட்டுவிட்டேன், டாக்டர் திருத்திக் கொடுத்திருக்கிறார் என்று சொல்லிவிட்டு, அவளோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

ரத்தப் பரிசோதனையை இந்த வாரமே எடுங்கள். ஆறு வாரம் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள். பொட்டாசியம் எவ்வளவு, மாதவிடாய் வந்ததா, இரவில் தூக்கம் எப்படி, ஸ்குவாட் எத்தனை கிலோ என்று எல்லாவற்றையும் எழுதுங்கள். உடல் எடை மட்டும் வேண்டாம்.